உப்புக் காற்றில் ஓடும் பழைய டிராக்டருக்குக் கையைக் கடிக்காத பெயிண்ட்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டி ஓடும் பழைய டிராக்டர் எதை வேண்டுமானாலும் பாருங்கள். மட்கார்டின் கீழ் விளிம்பும் புட்போர்டும்தான் முதலில் போயிருக்கும். அங்கே உப்பியிருக்கும் பெயிண்டை நகத்தால் கிளப்பினால் அடியில் கறுப்பாக, ஈரம் காயாத துரு இருக்கும். மழை பெய்து பல நாள் ஆகியிருந்தாலும் அந்த ஈரம் இருக்கும். பூசும்போது தகட்டிலேயே தங்கிவிட்ட உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதுதான் காரணம்.

அதனால் இந்தக் கரையில் என் கணக்கு இதுதான்: காசைப் பிரைமரில், அதாவது தகட்டில் முதலில் ஏறும் அடிப்பூச்சில், போடுங்கள், மேல் பூச்சில் மிச்சம் பிடியுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு அரிப்பைத் தாங்கும் பாலிசிலோக்ஸேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி) இரும்பு அரிப்பைச் சோதிக்கவே மண்டபம் ஊரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட காற்று இது. ஆனால் உழவு டிராக்டருக்குப் பாலத்துப் பூச்சு வேண்டியதில்லை.

1. கடைக்குப் போகும் முன்

வண்டியில் இப்போது என்ன பெயிண்ட் இருக்கிறது என்று பாருங்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்த துணியை ஒரு மூலையில் அரை நிமிடம் வைத்துத் தேயுங்கள். பெயிண்ட் சுருங்கினாலோ துணியில் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, அது சாதா எனாமல் அல்லது என்.சி. பெயிண்ட். அதன் மேல் வீரியமான தின்னர் கலந்த பெயிண்டை அடித்தால் பழையதும் சேர்ந்து சுருண்டுவிடும். ஒன்றும் ஆகவில்லை என்றால் நன்றாகத் தேய்த்துவிட்டு மேலேயே பூசலாம்.

நிறத்துக்கு வெயில் பட்ட பானெட்டைக் காட்டாதீர்கள். டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் வெளுக்காமல் இருக்கும். மூடியைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப் போங்கள். ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் பதிந்திருக்கும் என்பதால் பழைய நிறத்திலேயே போவது நிம்மதி.

2. எந்த டப்பா?

கடையில் மூன்று வகை காட்டுவார்கள். என்.சி. பெயிண்ட் சட்டென்று காயும், ஆனால் பூச்சு மெல்லியது, பாலிஷ் கேட்கும். கடலோரத்துக்கு வேண்டாம். பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் பளபளப்பிலும் உழைப்பிலும் முதல் தரம். ஆனால் பெயிண்டை இறுகவைக்கும் ஹார்டனர், தனித் தின்னர், கம்ப்ரசர் என்று செலவு ஏறும். அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுப்பது, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரம் இல்லை. முதல் தடவை பெயிண்ட் அடிப்பவர் இதில் கைவைக்க வேண்டாம்.

மிச்சம் சிந்தெட்டிக் எனாமல். பிரஷ்ஷிலும் அடிக்கலாம், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுக்கொள்ளலாம். நமக்கு இதுதான். இதிலும் மலிவு ரகம், முதல் ரகம் என்று இரண்டு உண்டு. மாஸ்ஸி பெர்குசன் 1035 மாதிரி வண்டியில் மேல் தகடு சிவப்பு, இன்ஜினும் கியர் பெட்டியும் சாம்பல் நிறம். மலிவு சிவப்பு வெயிலில் சீக்கிரம் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகிவிடும், ஆகவே சிவப்பு மட்டும் முதல் ரகம் வாங்குங்கள். கிரீஸும் மண்ணும் அப்பிக் கிடக்கப்போகும் சாம்பலுக்கு மலிவு ரகமே தாராளம்.

எனாமல் ஒரு கோட்டில் லிட்டருக்குச் சுமார் 100 சதுர அடி வரும். 35 எச்.பி. வண்டிக்கு இரண்டு கோட் அடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் 2 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு மட்கார்டும் இரண்டு சிவப்பாக நிற்கும்.

கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சபலம் வரும்: படகுக்கு வாங்கி மீந்த பெயிண்ட். தண்ணீர் மட்டத்துக்கு மேலே அடிக்கும் மெரைன் எனாமல் என்றால் தாராளமாக அடிக்கலாம். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க அடிப்பது வேறு. அதில் விஷம் கலந்திருக்கும், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போவதற்கென்றே செய்தது. டிராக்டருக்கு ஆகாது.

3. கழுவுவது

முதலில் டீசல் தொட்ட பிரஷ்ஷால் கிரீஸை எடுத்துவிட்டுச் சோப்புத்தூள் போட்டுக் கழுவுங்கள். அப்புறம்தான் முக்கியம்: கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கம் பல ஊரில் அது உப்பு. குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ நான்கைந்து குடம் இதற்கென்று ஒதுக்குங்கள். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவதா என்று வீட்டில் முணுமுணுப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

துருவை ஒயர் பிரஷ், 80 நம்பர் எமரி என்று சுரண்டி, 220-இல் முடியுங்கள். சுரண்டிய இடங்களை மறுபடி நல்ல தண்ணீரால் அலசி உடனே துடைத்துக் காயவிடுங்கள். பழுப்பு போய் வெள்ளையாகத் தெரிந்த தகடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் பூக்கத் தொடங்கும். அதற்குமுன் பிரைமர் ஏற வேண்டும். ஆகவே ஒரு நாளில் முடிக்க முடிகிற பாகத்தை மட்டும் சுரண்டுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே அதை வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

4. பிரைமர்

எங்கும் கிடைப்பது ரெட் ஆக்சைடு. இன்ஜின், கியர் பெட்டி போன்ற கனத்த வார்ப்புகளுக்கு அது போதும். ஆனால் அது ஈரத்தை உள்ளே விடும், மேல் பூச்சு இல்லாமல் நாள்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. மட்கார்டு, புட்போர்டு, பானெட்டின் உள்மடிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமர் வாங்குங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலந்து, அதில் சொன்ன நேரம் ஊறவிட்டுப் பூசுங்கள். வெயில் காலத்தில் கலவை சீக்கிரம் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். மறுநாளைக்கும் மேல் தள்ளிப்போனால் 320 நம்பர் பேப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு எனாமல் அடியுங்கள், இல்லையென்றால் பிடிக்காது.

மட்கார்டுக்குப் புது ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய தகடு) வைத்திருந்தால் எனாமலை அதன் மேல் நேராக அடிக்காதீர்கள், உரிந்து வரும். ஜிஐ-க்கென்று விற்கும் எட்ச் பிரைமர் கேளுங்கள்.

5. மேல் பூச்சு

பங்குனி, சித்திரை நல்ல சமயம். மார்கழி, தையில் பனி இறங்கும். கச்சான் காற்று பிடித்துவிட்டால் மணல் வந்து ஒட்டும். காலையில் பனி ஈரம் உலர்ந்ததும் தொடங்கி, கடல் காற்று ஏறுமுன் முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் தகடு சுடும், பெயிண்ட் கொப்புளிக்கும். கீற்றுக் கொட்டகை இருந்தால் உள்ளே நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள்.

நம்பர் பிளேட், சேஸிஸ் எண், கிரீஸ் நிப்பிள், ரப்பர் ஹோஸ், ரேடியேட்டர் எல்லாவற்றையும் டேப்பும் பழைய செய்தித்தாளும் வைத்து மூடுங்கள். சைலன்சருக்கு எனாமல் கருகிவிடும், சூடு தாங்கும் அலுமினியம் பெயிண்ட் சின்ன டப்பா போதும்.

டர்பன்டைன் கொஞ்சமாக விட்டு மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி. தடிமனாக ஒரே கோட் அடித்தால் மேலே காய்ந்து உள்ளே கூழாகவே இருக்கும். கையில் ஒட்டவில்லை என்று உடனே வயலில் இறக்காதீர்கள், ஒரு வாரமாவது போகட்டும். மீந்த சிவப்பைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி மூடிவையுங்கள். உள்ளே காற்று இருந்தால் ஏடு கட்டிவிடும்.