ராமைக் கழற்ற வைக்கும் எச்சரிக்கைகள்

கிளிநொச்சிப் பக்கம் பழைய கணனிக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது: "தம்பி, மெமரி பிழை எண்டு காட்டுது, ராம் மாத்தவேணுமோ?" அநேகமாக ராமில் ஒரு குறையும் இருக்காது. கணனியைப் போட்டவுடன் முதலில் ஓடும் பயோஸ் என்ற நிரல் தவறாகச் சொன்னதை, லினக்ஸின் மையமான கேர்னல் கண்டுபிடித்து எச்சரித்திருக்கும், அவ்வளவுதான். அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாக மாணவர்கள் யாராவது கேர்னலுக்கு பட்ச் (நிரல் திருத்தம்) அனுப்ப நினைத்தால், இந்த எச்சரிக்கை வரிகளைத் திருத்துவது நல்ல தொடக்கம்.

பிழை யாருடையது என்று சொல்லாமல் விடாதீர்கள். பயோஸ் போலப் போர்டோடு வரும் நிரல்தான் ஃபேர்ம்வெயார்; செய்தியின் முன்னால் போட 'ஃபேர்ம்வெயார் பக்' (பிழை), 'ஃபேர்ம்வெயார் வோர்ன்' (எச்சரிக்கை), 'ஃபேர்ம்வெயார் இன்ஃபோ' (தகவல்) என்ற முன்னொட்டுகள் கேர்னலில் இதற்காகவே இருக்கின்றன. சும்மா தகவலுக்கும் 'பக்' போட்டுப் பயமுறுத்தவும் வேண்டாம்.

இல்லாத கதவைத் தட்டச் சொல்வது இன்னும் மோசம். ஏஎம்டி 64 பிட் கணனிகளில் வரும் ஒரு பழைய செய்தி இப்படிப் போகும்: பயோஸ் அப்பச்சருக்கு (சாதனங்களுக்கென ஒதுக்கும் முகவரிப் பகுதி) இடம் விடவில்லை, ஐஓஎம்எம்யூ (சாதனங்கள் நினைவகத்தை அணுகும் முகவரிகளை மாற்றிக்கொடுக்கும் பகுதி) தெரிவை பயோஸில் இயக்குங்கள், இதனால் 64 மெகாபைட் ராம் போகிறது. இழப்பைக் கணக்காகச் சொன்னது நல்லது. 8 ஜிபியில் அது ஒரு வீதம்கூட இல்லை என்று வாசிப்பவருக்கே விளங்கும். ஆனால் பல போர்டுகளின் பயோஸில் அப்படியொரு தெரிவே கிடையாது. தேடப் போனவர் வேறெதையோ மாற்றிவைப்பார், அப்புறம் கணனி திறக்காது. "அந்தத் தெரிவு இருந்தால்" என்று சேர்த்தாலே போதும்; இல்லாவிட்டால் அப்படியே விடலாம் என்றும் சொல்லலாம்.

வெறும் முகவரியை மட்டும் காட்டுவதும் உதவாது. கேர்னலின் தாழ் நினைவகச் சோதனை, இயக்கியிருந்தால், ராமின் முதல் 64 கிலோபைட்டை வழக்கமாக 60 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும். மாற்றம் கண்டால் முகவரியையும் மதிப்பையும் கொட்டும். அவை இருக்கட்டும், பிழையைத் தேடுபவருக்குத் தேவை. கூடவே "இதை பயோஸ் எழுதியிருக்கலாம்" என்று ஒரு வார்த்தை வேண்டும்.

"பயோஸை அப்டேட் செய்யுங்கள்" என்று எடுத்த எடுப்பில் எழுதாதீர்கள். மாரியில் இடி முழங்கக் கரண்ட் போகும் ஊரில், அப்டேட் பாதியில் நின்றால் போர்டே போய்விடும். பழைய போர்டுக்குப் புதிய பதிப்பு வருவதும் அரிது.

கடைசியாக, செய்தியின் சொற்றொடரை நிரலில் இரண்டு வரியாக உடைக்காதீர்கள். சனம் திரையைப் போனில் படம் பிடித்துத்தான் அனுப்பும். அதிலுள்ள சொற்களை அப்படியே தேடினால் நிரலில் அகப்பட வேண்டும்.