பழைய கேசட்டை எடுத்தவுடன் பிளேயரில் போடாதீர்கள்

பரணிலிருந்து கேசட் பெட்டியை இறக்குகிறவர்கள் இப்போது பெரும்பாலும் சினிமாப் பாட்டுக்காக இறக்குவதில்லை. அது போனிலேயே கிடைக்கிறது. ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டில், ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது எது என்று காது தானாகக் காத்திருக்குமே, அந்த வரிசை போனில் கிடைக்காது. வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டும் அப்படித்தான். இவற்றுக்கெல்லாம் வேறு பிரதியே கிடையாது. அதனால் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

யாரிடமோ ஒரு பழைய டேப்ரெக்கார்டரை வாங்கி வந்து, ஆசை தாங்காமல் அந்த அருமையான கேசட்டையே முதலில் போட்டுப் பார்ப்பதுதான் பெரிய தவறு. பல வருஷம் சும்மா கிடந்த மிஷினில் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது உருகித் தார் மாதிரி ஆகியிருக்கும். சுற்றி எடுக்க வேண்டிய சக்கரம் நின்றுபோய், ரப்பர் உருளை மட்டும் டேப்பைத் தள்ளிக்கொண்டே இருந்தால், அது உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். போனால் போகட்டும் என்கிற ஒரு கேசட்டை முதலில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். 90 நிமிட கேசட்டின் டேப் 60 நிமிடத்தினுடையதைவிட மெல்லியது, 120 இன்னும் மெல்லியது. அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

போடுவதற்கு முன் கேசட்டின் முதுகை, அதாவது டேப் தெரியும் வாய்க்கு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் காது இருந்தால் உடைத்துவிடுங்கள். அது இல்லையென்றால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மஸ்கட்டிலிருந்து சித்தப்பா பேசி அனுப்பிய கேசட்டில் பிளே பட்டனோடு சிவப்புப் பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டேன். நான்கு விநாடிதான். "அம்மாவுக்கு" என்பதற்கும் "சொல்லிவிடு" என்பதற்கும் நடுவில் இப்போது ஒன்றுமில்லை.

அப்புறம், கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்கு இது சகஜம். அதை ஓட்டினால், டேப்பில் உரசி ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தாவும். தனியாக ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சை இல்லையென்றால், பல் சக்கரத்தில் ஒரு நடராஜ் பென்சிலைச் செருகி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழன்றால்தான் மிஷினுக்குப் போக வேண்டும்.

சத்தம் மந்தமாக வந்தால் டேப் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். கேசட்டின் வாய்ப்பக்கம் டேப்பை ஹெட்டோடு அழுத்தும் ஒரு துண்டுக் கம்பளி இருக்கும், அதை ஒட்டிய பசை காய்ந்து அது விழுந்திருக்கலாம். திருகு போட்ட வேறொரு கூட்டுக்குள் சுருளை மாற்றினால் குரல் திரும்பிவிடும். ஹெட் அழுக்காக இருந்தாலும் இதே மந்தம் வரும். அதைத் துடைக்கத் தேங்காய் எண்ணெயோ சானிடைசரோ வேண்டாம். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

டேப் அறுந்தால் சாதாரண செலோடேப் ஒட்டுவது நம் எல்லோருக்கும் பழக்கம். அந்தப் பசை நாளாக ஆகக் கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் ஒட்டிவிடும். இதற்கென்றே ஸ்பிளைசிங் டேப் இருக்கிறது. வெளியே பார்க்கும் பக்கம்தான் ஹெட்டில் படும், எனவே ஒட்டு உட்பக்கம் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்துப் பதிவது வீண் வேலை. மிஷினில் ஒலியை வெளியே எடுக்கும் லைன் அவுட் துளையிலிருந்து, அது இல்லையென்றால் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்து, சுருக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். சிடி தரத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும், 60 நிமிட கேசட் ஒன்றுக்கு 600 எம்பி. இன்றைக்கு அது ஒரு இடமே இல்லை. நான் முதலில் ஒரு கடையில் கொடுத்தேன். எம்பி3யாகச் சுருக்கி, ஒரு காதில் மட்டும் கேட்கிற மாதிரி திருப்பித் தந்தார்கள். மாற்றியாகிவிட்டதே என்று கேசட்டையும் அட்டையையும் எறிந்துவிடாதீர்கள். நல்ல மிஷின் கிடைத்தால் மறுபடி எடுக்கலாம். அட்டையில் உள்ள கையெழுத்தையும் ஒரு படம் எடுத்துக் கோப்போடு வையுங்கள்.

இரைச்சலை நீக்கும் மென்பொருளைப் பிரதியில் மட்டும் ஓட்டுங்கள். சித்தப்பா கேசட்டில் பின்னால் பழைய ஏசி ஒன்று உறுமிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சித்திக்கு அனுப்பினேன். "குரல் அவருதுதான், ஆனா எங்கிருந்து பேசறாருன்னு தெரியலயேப்பா" என்றார். ஏசியோடு இருந்த கோப்பை மறுபடி அனுப்பினேன்.