மஞ்சள் சுடரை நீலமாக்கியது எப்படி

எங்கள் வீட்டு அடுப்பில் சின்ன பர்னர் மட்டும் மஞ்சளாக எரிந்தது. பால் பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. மஞ்சள் சுடர் என்றால் கேஸோடு காற்று சரியாகக் கலக்கவில்லை. கேஸ் முழுதாக எரியாமல் கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் போகிறது. காசு கொடுத்து வாங்கிய 14.2 கிலோ சிலிண்டர் இப்படி வீணாவது எனக்குப் பொறுக்கவில்லை.

ரெகுலேட்டரை மூடி, பர்னர் நன்றாக ஆறியதும் கழற்றினேன். பித்தளை பர்னர் என்பதால், ரசத்துக்குக் கரைத்த புளிச் சக்கையைத் தூக்கிப் போடாமல் வெந்நீரில் கலந்து, கொஞ்சம் கல்லுப்பும் சேர்த்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு துளையையும் ஊக்கால் குத்தினேன். பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் காய்ந்து கல்லாகியிருந்தன. இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். பிறகு வெயிலில் காயவைத்தேன்; ஈரத்தோடு மாட்டினால் சுடர் ஒழுங்காக நிற்காது.

இப்போது சுடர் நல்ல நீலம். சுத்தம் செய்தும் நிறம் மாறாவிட்டால், பர்னருக்குள் கேஸை விடும் சின்னத் துளையான ஜெட்டை நாமே குடையாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். குக்கர் மூடியின் ரப்பரும் தளர்ந்திருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். ஆவி பக்கவாட்டில் போவது நின்று, பருப்பு சீக்கிரம் வேகிறது.