இராமேசுவரத்தில் இருவர், இரண்டு நாள்: காற்றைப் பார்த்துப் போடும் திட்டம்

ஜோடியாக இராமேசுவரம் வருகிறவர்கள் காலையில் கோயிலுக்குப் போவார்கள், மதியம் தூங்குவார்கள், நாலரை மணிக்குத் தனுஷ்கோடிக்குக் கிளம்புவார்கள். அந்த நேரத்தில் போனால் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பொழுது சாய்ந்தபின் தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் ஆளை நிற்க விடுவதில்லை. அதனால் முதல் நாள் விடியலைத் தனுஷ்கோடிக்கும் மறுநாள் விடியலைக் கோயிலுக்கும் ஒதுக்குங்கள்.

அறை போடுவதற்கு முன்பே காற்றைப் பாருங்கள். இந்த ஊரில் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆண் கடல் குமுறும், பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசியில் வாடை தொடங்கியதும் இது தலைகீழாகிவிடும். பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் போகும் வனத்துறைப் படகும் காற்று மிஞ்சினால் கிளம்பாது. அதை மட்டும் நம்பி ஒரு நாளை ஒதுக்காதீர்கள். எங்கள் கணக்கில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் நல்ல மாதங்கள். கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நிற்பதையும் அப்போது பார்க்கலாம்.

ஊரிலிருந்து அரிச்சல்முனை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஐந்தரைக்குள் கிளம்பிவிடுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, உப்புக்காற்று படிந்த போனைத் துடைக்க ஒரு ஈரத்துணி, இவ்வளவு போதும். வழியில் நிழல் கிடையாது, பத்து மணிக்கே மணல் காலைச் சுடும். வாடகை ஸ்கூட்டரில் போனால், தார்மேல் காற்று கொண்டுவந்து போட்ட மணலில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள், சறுக்கிவிடும். காரில் போகிறவர்கள் போட்டோவுக்காகத் தாரை விட்டு இறங்குவதால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புதைந்த பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் டயர் தன் குழியைத் தானே ஆழமாக்கும். இன்ஜினை நிறுத்துங்கள். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் உள்ள மணலைக் கையால் வழித்து, கால்மிதியைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, இரண்டாவது கியரில் மெதுவாக நகர்த்தினால் வண்டி ஏறிவிடும். ஊர் திரும்பும்வரை வேகம் வேண்டாம், வந்ததும் காற்று அடித்துவிடுங்கள்.

முனையில் குளிக்கவே கூடாது. இரண்டு கடலின் நீரோட்டமும் சந்திக்கும் இடம் அது. முழங்கால் ஆழம் என்று நிற்கும்போதே காலடி மணல் உருவிக்கொண்டு போகும். திரும்பும் வழியில், 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களை நிதானமாகப் பாருங்கள். கைக்கெட்டும் ஆழத்தில் மணலைத் தோண்டி எடுக்கும் ஊற்றுத் தண்ணீரையும் கேட்டு வாங்கிக் குடித்துப் பாருங்கள், கரிக்காது. மழைநீர் இலேசானது, அதனால் மணலுக்குள் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புதான் வரும்.

அங்கேயே குடிசைக் கடைகளில் மீன் பொரித்துத் தருவார்கள். இரண்டு பேருக்கு அரைக் கிலோ விளைமீன் ஒன்றும் கால் கிலோ கணவாயும் தாராளம். "அக்கா, எடை போட்டுச் சொல்லுங்க, பொரிக்கிற கூலியும் சேர்த்தா?" என்று மசாலா தடவும் முன்பே கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை பொரித்த பிறகு விலை கேட்பதால்தான் வருகிறது. மீனின் கண் கலங்கியிருக்கக் கூடாது, செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் குழி விழாமல் எழும்ப வேண்டும். நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். உருவத்துக்கு ஏற்ற கனம் இல்லையென்றால் அது ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். கணவாய் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும், அதற்குமேல் கல்லில் கிடந்தால் ரப்பர். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். போன ஈட்டில் தீய்ந்த மசாலா உங்கள் மீனையும் கசக்க வைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது கிடைப்பது நாட்டுப்படகு மீன்: விலை கூடும், வகை குறையும், ருசிக்குக் குறைவில்லை.

சாயங்காலம் பாம்பன். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். அதற்கு முன்பு ரயில் ஓடிய பழைய பாலம் 1914-ஆம் ஆண்டினது. சாலைப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். முனையில் விட்டுவிட்டு நடந்து வந்தால் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

மறுநாள் கோயிலுக்கு ஆளுக்கு இரண்டு செட் துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், அதற்கு உலர்ந்த துணி. அது முடிந்ததும் கோயிலுக்கு எதிரே உள்ள கடலான அக்னி தீர்த்தத்தில் முங்கி, ஈரத்தோடு கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களுக்கும் போகவேண்டும். கிணற்றிலிருந்து வாளியில் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். பெண்கள் அடர்நிறப் பருத்திச் சுடிதார் போட்டால் நிம்மதி; பட்டு, வெளிர்நிறம், நீளத் துப்பட்டா எல்லாம் தொல்லை. தரை முழுக்க ஈரம், கையைப் பிடித்துக்கொண்டே நடங்கள். மறுபடி சன்னதிக்குப் போக ஈரத்துணியை மாற்றியே ஆகவேண்டும். போனை அறையிலேயே விட்டுவிடுங்கள். அமாவாசை நாட்களில், முக்கியமாக ஆடியிலும் தையிலும், இந்தத் திட்டம் எதுவும் நடக்காது. வரிசையிலேயே பொழுது போய்விடும். கூட்டமில்லாத நாளில் எட்டரைக்குள் முடித்துவிட்டால் மூன்றாம் பிரகாரத்தின் 1212 தூண்களுக்கு நடுவே அவசரமில்லாமல் ஒரு சுற்று வரலாம். கோயிலைச் சுற்றிச் சைவச் சாப்பாடுதான். மீன் குழம்பு வேண்டுமென்றால் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் போங்கள்.

ஊருக்குக் கொண்டுபோகக் கருப்பட்டியும் கருவாடும் வாங்கலாம். பவளத்துண்டு விற்றால் தொடவே வேண்டாம், அதை வைத்திருப்பதே குற்றம். கருவாட்டை வளைத்துப் பாருங்கள்: துவண்டால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம், இரண்டே நாளில் புழு வைக்கும். நன்றாகக் காய்ந்ததை இரண்டு சுற்றுத் தாளில் பொதிந்து, மூடி இறுகும் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் கவரில் கட்டி ஏசி பஸ்ஸில் ஏறினால் மானாமதுரை தாண்டுவதற்குள் பின்சீட்டுக்காரர் கண்டக்டரைக் கூப்பிடுவார்.