அணையும் வெள்ளத் தடுப்புக் கரையும் வந்தபின் வெள்ளச் சமவெளி எப்படி மாறியது என்று கண்டறிவது

ஆற்றின் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஆற்றின் அடித்தரையான படுகை ஏறியதா, இறங்கியதா என்று தெரிந்தால்தான் சமவெளிக்கு என்ன ஆனது என்பது பிடிபடும். ஜெர்மனியின் மேல் ரைன் ஆறு நல்ல எடுத்துக்காட்டு. பொறியாளர் துல்லா வகுத்த திட்டப்படி 1817-இல் வளைவுகளை வெட்டி நேராக்கத் தொடங்கினார்கள். 1876-இல் முடிந்தபோது ஆற்றின் நீளம் சுமார் 81 கி.மீ. குறைந்திருந்தது. சரிவு கூடியதால் நீர் வேகமெடுத்துப் படுகையை அரித்தது. கூடவே நிலத்தடி நீரும் இறங்கியதால் கரையோர ஈரக்காடுகள் காய்ந்தன.

முதல் வேலை, எந்த ஆண்டில் எங்கே என்ன கட்டினார்கள் என்ற பட்டியல். அடுத்து, பணிக்கு முன், முடிந்த உடனே, இப்போது என மூன்று காலத்து வரைபடங்களாவது வேண்டும். 1972 முதல் எடுத்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய காலத்துக்குப் பழைய நில அளவை வரைபடம் உதவும். அதை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பொருத்தும்போது, இடம் மாறாத 8 அல்லது 10 புள்ளிகளைப் படம் முழுக்கப் பரவலாக எடுங்கள். பொருத்தத்தில் 20 மீட்டர் பிழை இருந்தால், அதற்குக் குறைவான கரை நகர்வைக் கணக்கில் சேர்க்க முடியாது. நீர் விளிம்பை வரையாதீர்கள், அது நாளுக்கு நாள் மாறும். நிலையான செடிகொடிகள் தொடங்கும் கோட்டையே கரையாகக் கொள்ளுங்கள்.

இனி முக்கியமான கணக்கு. ஒரு நொடியில் ஓடும் நீரின் அளவே ஓட்டம்; அதில் குறைந்த ஓட்டம், நடுத்தர ஓட்டம், கரை நிரம்பும் ஓட்டம் என மூன்று அளவுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் 5 சதவீதம் கூடக் குறைய உள்ள பதிவுகளை ஆற்று நீர் அளவை நிலையத்திலிருந்து எடுத்து, அன்றைய நீர்மட்டத்தை ஆண்டுவாரியாகக் கோட்டுப்படமாக்குங்கள். மூன்றும் இறங்கினால் படுகை அரிபடுகிறது. மூன்றும் ஏறினால் மண் படிகிறது. குறைந்த ஓட்டத்தின் மட்டம் இறங்கி, வெள்ள மட்டம் மட்டும் ஏறுகிறதா? பெரும்பாலும் இரு தடுப்புக் கரைகளுக்கு நடுவே வெள்ளம் ஒடுங்குகிறது, அந்த இடைநிலத்தில் வண்டலும் சேர்கிறது. நீர்மட்டத்திலிருந்து கணக்கிட்ட ஓட்ட அளவு உதவாது, நேரடியாக அளந்ததுதான் வேண்டும். நீர்மட்ட அளவுகோலின் பூஜ்ஜியத்தை எந்த ஆண்டிலாவது மாற்றினார்களா என்றும் பாருங்கள். மாற்றியிருந்தால் கோடு திடீரென்று ஒரு படி குதிக்கும்.

களத்தில், வெள்ளத் தடுப்புக் கரையின் இருபுறமும் நில உயரத்தை அளந்து பாருங்கள். ஆற்றுப் பக்கம் உயர்ந்திருந்தால், அங்கே துளையிட்டு வண்டல் அடுக்கின் தடிமனைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்தில், ஆறு கைவிட்ட வளைவுகளான பழைய குதிரைக் குளம்பு ஏரிகளில் இன்னும் நீர் நிற்கிறதா, புதர் மண்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

அரிப்புக்கெல்லாம் அணைமேல் பழி போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அணை மணலைத் தடுப்பதால் வரும் அரிப்பு அணையடியில் தொடங்கி ஆறு ஓடும் திசையில் கீழ்நோக்கிப் போகும். நுண்மணல் போய்ப் பரல்கற்கள் மட்டும் மிஞ்சும். மணல் அள்ளிய குழியால் வரும் அரிப்போ ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கியும் ஏறும். குழிக்கு மேலே உள்ள பாலத்தூண்களின் அடித்தளம் வெளியே தெரிந்தால், அணையைச் சொல்லுமுன் மணல் குவாரிப் பதிவுகளைத் தேடுங்கள்.