புதிய பிக்கப் டிரக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஃபுல்-சைஸ் பிக்கப் வாங்க நினைப்பவர்கள் ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா என்று பெயர்களை வரிசையாக எழுதி ஒப்பிடத் தொடங்குகிறார்கள். முதல் தவறு அதுதான். எஃப்-150 என்பது தனி ஒரு வண்டியின் பெயரன்று. எஞ்சின், கேபினின் அளவு, பின்தொட்டியின் நீளம், ஆக்சில் ரேஷியோ (சக்கர அச்சிலுள்ள பல்சக்கர விகிதம்) ஆகியவை மாறும்போது திறனும் விலையும் மாறிவிடும் ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். டன்ட்ரா 12,000 பவுண்டு வரை இழுக்கும் என்று விளம்பரம் சொல்வது உண்மைதான் என்றாலும், அந்த எண் குறிப்பிட்ட அமைப்பில் வரும் வண்டிக்கே உரியது. தோல் இருக்கைகளும் நான்கு சக்கர இயக்கமும் கொண்டு கடை வாசலில் நிற்கும் உயர்ரக வண்டிக்கு அது பொருந்தாது.

இழுவைத் திறனை மட்டும் பார்த்துவிட்டு, வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடையாகிய பேலோடைப் பார்க்காமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டகத்தில் ஒட்டிய வில்லையில், பயணிகளும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடைக்கு மிகக் கூடாது என்று அந்த வண்டிக்கே உரிய எண் அச்சிடப்பட்டிருக்கும். அது 1,400 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 7,000 பவுண்டு டிரெய்லரைப் பின்னால் மாட்டினால், அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் வழியே வண்டியின்மீது இறங்கும். 12 சதவீதம் என்று கொண்டால் 840 பவுண்டு. மீதமுள்ள 560 பவுண்டில் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஏறி, கொக்கியின் சொந்த எடையும் குளிர்பெட்டியும் பயணப் பெட்டிகளும் சேர்ந்தால் வரம்பு முடிந்துவிடும். விளம்பரமோ அதே வண்டி 11,000 பவுண்டு இழுக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். வாங்கிய பிறகு பொருத்தும் பக்கவாட்டுப் படிகளும் தொட்டி மூடியும்கூட இந்தக் கணக்கில்தான் கழியும்.

அளவையும் கண்மதிப்பில் விட்டுவிடக் கூடாது. நான்கு கதவுகளும் ஐந்தரை அடித் தொட்டியும் கொண்ட எஃப்-150 பத்தொன்பது அடிக்கு மேல் நீளும். பல வீடுகளின் கராஜ் கதவு அதன்பின் மூடாது. அத்தொட்டியில் எட்டடி பிளைவுட் பலகையை ஏற்றினால் பின்கதவைத் திறந்து வைத்தே ஓட்ட வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதை வெறும் வண்டியோடு முடித்துக்கொள்வதும் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். ராமிலும் 2022-இல் வந்த புதிய டன்ட்ராவிலும் பின்புறம் சுருள்வடிவக் காயில் ஸ்பிரிங் இருப்பதால் வெற்று வண்டி மென்மையாக ஓடும். பட்டை ஸ்பிரிங் கொண்ட மற்றவை காலியாக இருக்கும்போது சற்றே துள்ளும். அந்தத் துள்ளலை மட்டும் வைத்து, சுமை ஏற்றவே வாங்கும் வண்டியை எடைபோடுவது நியாயமாகாது.

விலை பேசும்போது, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று டீலர் கேட்டால், அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லாமல் இருப்பதே நல்லது. 7 சதவீத வட்டியில் 60,000 டாலர் கடனை 60 மாதங்களில் அடைத்தால் வட்டி சுமார் 11,300 டாலர். 84 மாதங்களுக்கு நீட்டித்தால் மாதத் தவணை இறங்கும், வட்டியோ சுமார் 16,100 டாலராக ஏறும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும், 1958-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய விலைச்சீட்டுக்கு அருகில், தான் கூடுதலாகச் சேர்த்தவற்றுக்காக டீலர் ஒட்டும் இரண்டாவது சீட்டு ஒன்றும் இருந்தால், அதிலுள்ள ஒவ்வொரு கட்டணமும் பேரத்துக்கு உரியது.

புதிய வண்டி என்பதால் குறையிராது என்று நம்பிவிடுகிறவர்களும் உண்டு. எஞ்சினுக்குள் தங்கிய உலோகத் துகள்களுக்காக டொயோட்டா 2024-இல் சுமார் ஒரு லட்சம் டன்ட்ரா, லெக்சஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2025-இல் தன் 6.2 லிட்டர் எஞ்சினுக்காக இன்னும் பெரிய அழைப்பை விடுத்தது. கையெழுத்திடும் முன், வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் கூட்டாட்சி அரசின் சாலைப் பாதுகாப்பு முகமையின் தளத்தில் இட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். திரும்ப அழைக்கப்பட்ட புதிய வண்டியைச் சரிசெய்யாமல் விற்க அமெரிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.