லிபரல் என்றால் யார்? ஆளைப் பார்த்து, ஊரைப் பார்த்துப் பேசுங்கள்

காரைக்குடிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் சாப்பாடு முடிந்ததும் முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அரசியல் வராமல் இருக்காது. மெல்போர்னில் இருந்து வந்த மாப்பிள்ளை, "நாங்க லிபரலுக்குத்தான் ஓட்டுப் போட்டோம்" என்பார். சிகாகோவில் இருந்து வந்த மச்சினர், "நானும் லிபரல்தான்" என்று கை கொடுப்பார். உண்மையில் இருவரும் எதிரெதிர் அணி. ஆஸ்திரேலிய லிபரல் கட்சி, ராபர்ட் மென்சீஸ் 1944-இல் உருவாக்கியது. தனியார் தொழிலுக்கும் குறைந்த வரிக்கும் ஆதரவான வலதுசாரிக் கட்சி அது. அமெரிக்காவில் லிபரல் என்று ஒருவர் சொல்லிக்கொண்டால், பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்காரர், அரசு மருத்துவத்துக்கும் நலத்திட்டத்துக்கும் செலவழிக்க வேண்டும் என்பவர். கனடாவின் லிபரல் கட்சி நடுவில் இருந்து கொஞ்சம் இடது. 1955-இல் தொடங்கிய ஜப்பானின் லிபரல் ஜனநாயகக் கட்சியோ பழமைவாதக் கட்சி. பெயர்ப்பலகையைப் பார்த்துக் கொள்கையைத் தீர்மானிப்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. அரசியல் அணி ஒன்றுக்கு இந்தப் பெயர் ஊன்றியது ஸ்பெயினில். 1812-இல் காதிஸ் நகரில் அரசியலமைப்பு எழுதியவர்களில், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்ட நினைத்தவர்களை அப்படி அழைத்தார்கள். அந்தக் காலத்து லிபரலுக்கு அரசுதான் பயம்: கண்டபடி வரி போடும், வியாபாரத்தில் தலையிடும், பேசினால் சிறையில் தள்ளும். பிறகு ஆலைகள் வந்தன. பட்டினி கிடப்பவனுக்கு என்ன சுதந்திரம் என்று பிரிட்டனின் லிபரல்களே கேட்க ஆரம்பித்தார்கள். 1908-இல் முதியோர் ஓய்வூதியத்தையும் 1911-இல் தேசியக் காப்பீட்டையும் கொண்டுவந்தது லிபரல் அரசுதான். 1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அந்தப் பாதையைப் பிடித்துக்கொள்ள, அமெரிக்காவில் அந்தப் பொருளே நிலைத்துவிட்டது. ஐரோப்பாவின் பல நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும், சந்தைக்கு ஆதரவு என்ற பழைய அர்த்தம் விடவில்லை.

நம் ஊர்க் குழப்பம் இன்னும் சுவாரசியம். 1991-இல் நரசிம்ம ராவ் அரசு லைசென்ஸ் கெடுபிடிகளைத் தளர்த்தியபோது நிதியமைச்சர் மன்மோகன் சிங். வர்த்தகத் துறையைப் பார்த்தவர் நம் கண்டனூர்க்காரரான ப. சிதம்பரம். அதைத் தாராளமயம் என்றோம். இடதுசாரி மேடைகளில் இன்றுவரை அது வசைச்சொல். அதே நேரம் சமூக ஊடகத்தில் வலதுசாரிகள் லிபரல் என்று திட்டுவது யாரை? அந்த இடதுசாரிகளையும் சேர்த்துத்தான்! அதற்காக லிபரலும் கம்யூனிஸ்டும் ஒரே கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். மத உரிமை, கருத்துரிமை போன்ற விஷயங்களில் இருவரும் ஒரே பக்கம் நிற்கலாம். தனிச்சொத்து, சந்தை என்று வந்ததும் பிரிந்துவிடுவார்கள்.

சென்னை மாகாண வரலாறு படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது, செட்டிநாட்டு அரண்மனைக்கே அதில் தொடர்பு உண்டு. 1916-இல் தொடங்கிய தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் லிபரல் என்ற சொல் இருந்தது. நீதிக்கட்சி என்று நாம் சொல்வது அதைத்தான். அரசு வேலையிலும் படிப்பிலும் பிராமணரல்லாதாருக்குப் பங்கு கேட்டது அந்தக் கட்சி. (அதை நிறுவிய மூவரில் ஒருவரான தியாகராயச் செட்டியார் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், அல்ல. செட்டியார் என்று கேட்டதும் நம்மவர் என்று உரிமை கொண்டாடும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.) சில ஆண்டுகளில் இன்னொரு கூட்டமும் லிபரல் என்ற பெயரோடு வந்தது. மாகாண ஆட்சியில் இந்தியர்களுக்குக் கொஞ்சம் பங்கு தர பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டு காங்கிரஸை விட்டு விலகிய மிதவாதிகள் அவர்கள். சீனிவாச சாஸ்திரி, தேஜ் பகதூர் சப்ரு போன்றவர்களின் அணி. இங்கே லிபரல் என்றால் மறியல் வேண்டாம், சட்டத்துக்கு உட்பட்டுப் பேசிப் பெறலாம் என்பவர்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு அணிக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் ஒரே குடும்பத்தின் வாசலில் இரண்டும் வந்து நின்றன. செட்டிநாட்டு அரண்மனையின் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் நிறுவிய பல்கலைக்கழகத்துக்கு 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தவர் அதே சாஸ்திரி. ராஜாவின் மகன் முத்தையா செட்டியாரோ நீதிக்கட்சியின் முக்கியப் புள்ளி. நீதிக்கட்சி 1944-இல் சேலத்தில் திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. ஆக, ஒரு பழைய ஆவணத்தில் லிபரல் என்று பார்த்தால், எந்த அணி என்று தெரிந்துகொள்ளாமல் மொழிபெயர்க்க உட்காரக் கூடாது.

அடுத்து, ஒரு விஷயத்தில் லிபரலாக இருப்பவர் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருப்பார் என்ற கணக்கு. நம் பக்கத்தில் இது தினமும் பொய்க்கும். கடை வைத்திருக்கும் அண்ணன் இறக்குமதி வரி குறைய வேண்டும், இன்ஸ்பெக்டர் தொல்லை ஒழிய வேண்டும் என்பார். மகள் ஒரு பையனைச் சொன்னால் முதல் கேள்வி, ஒன்பது கோயிலில் எந்தக் கோயில்? (நகரத்தாரின் குலப்பிரிவுகள் கோயில் வாரியானவை.) எதிர்வீட்டு ஆச்சிக்குப் பேத்தி யாரைக் கட்டினாலும் சம்மதம், ஆனால் பஸ்ஸையும் ரேஷனையும் தனியாரிடம் கொடுத்தால் சண்டைக்கு வருவார். பெரிய உதாரணம் வேண்டுமானால் ராஜாஜி. 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்ஜியத்தை அவர் அளவுக்குச் சாடியவர் குறைவு. அதே ராஜாஜியின் 1953 கல்வித் திட்டத்தைத்தான், பள்ளி நேரம் போக மீதியில் குடும்பத் தொழிலைப் படிக்கச் சொன்னதால், எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்றார்கள். ஆகவே கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள்: பணத்திலா, பழக்கவழக்கத்திலா?

லிபரல் ஜனநாயகம் என்று செய்தியில் வந்தால் அது லிபரல் கட்சியின் ஆட்சி அல்ல. ஓட்டில் ஜெயித்தவரையும் நீதிமன்றமும் பத்திரிகையும் அடிப்படை உரிமைகளும் கட்டிவைக்கும் அமைப்பு என்று பொருள். பழமைவாதக் கட்சியும் அதற்குள் ஆளலாம். ஹங்கேரியின் அன்றைய பிரதமர் ஓர்பான் 2014-இல், தான் கட்டுவது லிபரல் அல்லாத அரசு என்று வெளிப்படையாகச் சொன்னபோது அவர் குறிப்பிட்டது இந்த அமைப்பைத்தான்.

மார்க் லிபரலாகப் போடும் வாத்தியாருக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அழகப்பச் செட்டியார் கல்லூரிகளுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அள்ளிக் கொடுத்ததை ஆங்கிலத்தில் எழுதும்போது லிபரல் என்று வருவதும் தாராளம் என்ற அந்தப் பொருளில்தான். தமிழில் வள்ளல் என்றாலே போதும். லிபரல் ஆர்ட்ஸ் மட்டும் பெற்றோரைக் கலவரப்படுத்துகிறது. ஓவியமோ கட்சிப் பாடமோ அல்ல அது. ஐரோப்பாவின் பழைய ஏழு கலைகளில் இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலையோடு எண்கணிதம், வடிவியல், இசை, வானியலும் இருந்தன. இன்றும் கணக்கும் அறிவியலும் அதற்குள் உண்டு. பிள்ளை அதில் சேர்ந்தால் கொடி பிடிக்கப் போய்விடுவானோ என்று பயப்பட வேண்டாம். தனியார் பல்கலைக்கழகம் என்றால் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பயப்படலாம்.